கழுவிய காசுக்கு யார் சான்று?

சிங்கப்பூரில் என் கடைக்கு வரும் பழைய காசுகளில் பெரும்பாலானவை குளித்துவிட்டுத்தான் வருகின்றன. பூஜைச் சாமானைத் துலக்கும் அதே விபூதியால் வெள்ளி டாலரையும் துலக்கிவிடுவார்கள். விபூதி இல்லாத வீட்டில் பற்பசை. செம்புக் காசு என்றால் புளி. "தம்பி, கறுத்துப் போய்க் கிடந்துச்சு. உட்கார்ந்து தேய்ச்சேன், இப்பப் பாருங்க எப்படிப் பளபளன்னு இருக்கு" என்று பெருமையாக நீட்டுவார்கள். தேய்த்த நேரத்தில் விலையில் பெரும்பகுதியும் தேய்ந்துவிட்டது என்பதை "அக்கா" என்று தொடங்கி மெதுவாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

அதைக் கேட்டதும் அவர்கள் விடுகிற அடுத்த கேள்விக்குத்தான் பதில் கடினம்: "அமெரிக்காவில சான்று கொடுத்து பிளாஸ்டிக் பெட்டியில போட்டுத் தர்றாங்களாமே, அங்க அனுப்பினா விலை ஏறுமா? எந்தக் கம்பெனிக்கு அனுப்பணும்?"

நல்ல காசுக்கு இந்தக் கேள்வி எளிது. பெரிய நிறுவனங்கள் எதற்கு அனுப்பினாலும் ஓர் எண் கிடைக்கும், அந்த எண்ணுக்கு ஒரு சந்தை விலை இருக்கும். கழுவிய காசு, துளையிட்ட காசு, மாலையில் கோத்த காசு ஆகியவற்றுக்கு அந்த எண் கிடைக்காது. எண் இல்லாத பெட்டிக்குப் பணம் கட்டும்போது நாம் எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருந்தால்தான் யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்ய முடியும்.

முதலில், தேய்த்ததை அவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அச்சுகளுக்கிடையே காசு நசுங்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும். அந்த ஓட்டம் நுண்ணிய வரிகளை விட்டுச்செல்லும். புழங்காத காசை விளக்கின் கீழ் சாய்த்துத் திருப்பினால், அந்த வரிகளில் பட்ட ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போலச் சுற்றி வரும். விபூதி எவ்வளவு மென்மையாக இருந்தாலும் வெள்ளிக்கு அது உப்புத்தாள்தான். ஒரே போக்கில் மயிரிழைக் கீறல்கள் விழும். சாய்த்தால் எல்லாம் ஒரு கோணத்தில் ஒன்றாக மின்னும். புழங்கிய காசில் இன்னொரு அடையாளம் உண்டு. எழுத்துகளின் ஓரத்திலும் இடுக்கிலும் பழைய கறுப்பு அப்படியே இருக்க, வெற்றுப் பரப்பு மட்டும் வெள்ளைவெளேர் என்று இருக்கும். அமிலக் கரைசலில் முக்கி எடுத்தால் கீறல் விழாது. ஆனால் கறுப்பு என்பதே வெள்ளி சல்ஃபைடு. அது கரையும்போது மேற்பரப்பு வெள்ளியும் கூடவே போய்விடும். ஒருமுறை சட்டென்று முக்கி எடுத்ததைப் பல நேரம் சான்றாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மீண்டும் மீண்டும் முக்கினால் ஓட்ட வரிகள் கரைந்து காசு சுண்ணாம்பு பூசியதுபோல் செத்துக் கிடக்கும். அதற்கு மன்னிப்பு இல்லை.

இந்தச் சான்றுத் தொழில் ஒன்றும் பழங்காலத்தது இல்லை. காசின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணால் சொல்லும் அளவுகோலை 1949-இல் வில்லியம் ஷெல்டன் வெளியிட்டார். அமெரிக்காவின் பழைய பெரிய செம்பு சென்ட் காசுகளுக்கு விலை கணக்கிட உண்டானது அது. அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972-இல் அனாக்ஸ் என்ற சேவையைத் தொடங்கியபோது, காசு அசலா போலியா என்று சொல்வதுதான் அதன் வேலை. தரம் சொல்லத் தொடங்கியது 1979-இல். பி.சி.ஜி.எஸ். என்ற நிறுவனம் 1986-இலும் என்.ஜி.சி. என்ற நிறுவனம் 1987-இலும் வந்து, காசைப் பிளாஸ்டிக்கில் அடைத்து முத்திரையிட்டு எண் போடும் முறையைச் சந்தையின் வழக்கமாக்கின.

அந்தத் தொடக்க ஆண்டுகளில் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. இரண்டுமே கழுவிய காசைப் பெட்டியில் அடைக்காது. சாதாரண உறையில் போட்டு, காரணம் எழுதிய துண்டோடு திருப்பி அனுப்பும். கட்டணமும் போகும். வியாபாரிகள் அந்த உறையைப் பிணப்பை என்றே அழைத்தார்கள். அனாக்ஸ் மட்டும் வேறு வழியில் போனது. குறையை எழுதி, அதற்காகத் தரத்தைக் குறைத்து, 'நெட்' என்று ஒரு நிகர எண் கொடுத்து 1990-களிலேயே பெட்டியில் அடைத்துத் தந்தது. குறைக் காசென்றால் அனாக்ஸுக்கு அனுப்பு என்று பழைய வியாபாரிகள் இன்றும் சொல்வது அந்தக் காலத்துப் பழக்கம். 2000-களின் இறுதிக்குள் மற்ற இரு நிறுவனங்களும் குறைக் காசைப் பெட்டியில் போடத் தொடங்கிவிட்டன. இப்போது சீட்டில் எண்ணுக்குப் பதிலாக 'எக்ஸ்.எஃப். டீட்டெயில்ஸ் – கிளீன்டு' என்பதுபோல வரும். செதுக்கல் தேய்மானத்தில் இன்ன நிலை, ஆனால் கழுவியது என்று பொருள். பி.சி.ஜி.எஸ். தன் குறைகளுக்கு எண்களும் வைத்திருக்கிறது: 91 என்றால் சந்தேகத்துக்குரிய நிறம், 92 கழுவியது, 97 சூழலால் வந்த சேதம், 98 அடிபட்டது. எங்கள் வட்டாரத்தில் "தொண்ணூத்திரண்டு வாங்கிட்டு வந்துடுச்சு" என்றால் காசு பரீட்சையில் தோற்றது என்று அர்த்தம்.

டீட்டெயில்ஸ் பெட்டி உண்மையில் உறுதி சொல்வது ஒன்றைத்தான்: காசு அசல். தேய்மான நிலையும் குறையின் பெயரும் அவர்களுடைய கருத்து. எண் பெற்ற காசின் தரம் தவறென்று பின்னால் தெரிந்தால் ஈடு கேட்கலாம். டீட்டெயில்ஸ் காசுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. எனவே குறைக் காசை அனுப்புவதற்கு முன் நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, இந்தக் காசு அசல்தானா என்று யாராவது சந்தேகப்படுவார்களா என்பது.

எங்கள் ஊரில் அந்தச் சந்தேகத்துக்குப் பேர்போனது பிரிட்டிஷ் வர்த்தக டாலர். 1895 முதல் 1935 வரை தேதியிட்டது. கையில் திரிசூல ஈட்டியும் கேடயமுமாக பிரிட்டானியா நிற்பாள். மறுபக்கத்தில் சீனத்திலும் ஜாவி எழுத்து மலாயிலும் 'ஒரு டாலர்'. பெரும்பாலும் பம்பாயில் அடித்து, ஹாங்காங்குக்கும் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் அனுப்பினார்கள். எடை 26.96 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. சீனாவிலிருந்து வரும் போலிகள் கணக்கில்லாமல் புழங்குகின்றன. தராசும் காந்தமும் மட்டமான போலிகளைப் பிடித்துவிடும். நீரில் தொங்கவிட்டு எடை பார்த்தால் அடர்த்தி 10.3-ஐ ஒட்டி வர வேண்டும்; அதில் இன்னும் கொஞ்சம் போலிகள் மாட்டும். சரியான வெள்ளியில் அடித்த போலி இந்த மூன்றையும் தாண்டிவிடும். அதற்கு அச்சு வேறுபாடுகளை ஆயிரக்கணக்கில் பார்த்த கண் வேண்டும். அரிய ஆண்டு டாலர் ஒன்று விபூதி பட்டு வந்தாலும் நான் அனுப்பிவிடுவேன். வாங்குபவர் முதலில் பயப்படுவது போலிக்குத்தான், கீறலுக்கு இல்லை. சாதாரண ஆண்டு என்றால் அனுப்ப மாட்டேன். என் கணக்கு எளிது: கட்டணம், தபால், காப்பீடு மூன்றும் சேர்ந்து எதிர்பார்க்கும் விற்பனை விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தப் பெட்டி எனக்கு வேண்டாம்.

அசல் சந்தேகம் தீர வேண்டும் என்று முடிவானால், யாருடைய சொல்லை வாங்குபவர் நம்புவார் என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங் ஏலங்களில் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. பெட்டிகளைத்தான் கைதூக்குபவர்கள் தேடுகிறார்கள். அனாக்ஸ் கட்டணம் குறைவாக இருக்கும். குறையைத் தெளிவாக எழுதுவார்கள். அமெரிக்கக் காசை அமெரிக்காவிலேயே விற்பவருக்கு அது நல்ல வழி. அந்தப் பெட்டியை இங்கே கொண்டுவந்து நீரிணை டாலர் சேகரிப்பவரிடம் நீட்டினால், அவர் மறுபடி லூப் என்ற உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். சான்றின் நேர்மையில் குறையில்லை. வாங்குபவருக்குப் பழக்கமில்லாத முகம், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி: இந்தக் காயத்துக்கு எந்த நிறுவனம் என்ன பெயர் வைக்கும்? இங்கேதான் நிறுவனங்கள் உண்மையிலேயே வேறுபடுகின்றன, தொழில் தெரிந்தவருக்கு இங்கேதான் வேலை. நல்ல எடுத்துக்காட்டு சாப் குத்திய டாலர். சீன வணிகர்களும் காசாளர்களும் கைமாறும் வெள்ளி டாலரைச் சோதித்து, நல்ல வெள்ளிதான் என்பதற்குத் தங்கள் அடையாளத்தை அதில் குத்துவார்கள். சில டாலரில் ஒரு குத்து. சிலதில் பிரிட்டானியாவின் முகமே தெரியாத அளவுக்குக் குத்து. பார்வைக்கு இது சேதம். சரித்திரம் தெரிந்தவருக்கு, அந்தக் காசு தன் வேலையைச் செய்ததற்குச் சாட்சி. பி.சி.ஜி.எஸ். வர்த்தக டாலர்களில் சாப்பை ஒரு தனி வகையாக ஏற்று, 'சாப் மார்க்' என்று எழுதி எண்ணும் கொடுக்கிறது. என் கைக்கு வந்த என்.ஜி.சி. பெட்டிகளில் அதே மாதிரிக் காசுகள் 'டீட்டெயில்ஸ் – சாப்மார்க்டு' என்று வந்திருக்கின்றன. ஒரே குத்து ஓரிடத்தில் வகை, இன்னோரிடத்தில் குறை. சாப் மட்டும் இருந்து மேற்பரப்பு தீண்டப்படாமல் இருந்தால் எங்கே அனுப்புவது என்று யோசிக்கவே வேண்டாம். சாப்போடு விபூதியும் பட்டிருந்தால் இரண்டு இடத்திலும் எண் கிடைக்காது. அப்போது கட்டணமும் காத்திருக்கும் காலமும்தான் முடிவு செய்யும்.

கடலடிக் காசு இதே கதையின் இன்னொரு பக்கம். 1865-இல் ஜார்ஜியா கரைக்கு அப்பால் மூழ்கிய ரிபப்ளிக் என்ற கப்பலின் காசுகள் 2003-இல் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் உப்புநீர் அரித்தவற்றை என்.ஜி.சி. 'கப்பற்சேத விளைவு' என்று எழுதி அடைத்தது. கப்பல் பெயர் சீட்டில் இருந்தால் அரிப்பே விற்பனைக்கு உதவும். நம்மவர்களுக்கு நெருக்கமானது அட்மிரல் கார்ட்னர். சென்னைக்கென்று பர்மிங்காமின் சோஹோ நாணயச்சாலையில் அடித்த 1808-ஆம் ஆண்டுக் கம்பெனிச் செம்புக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரக் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கிய கப்பல். அந்தக் காசு இன்ன கப்பலினது என்று காட்டும் காகிதம் கூட வந்தால் அதைக் காசுக்கு நிகராகப் பத்திரப்படுத்த வேண்டும். காகிதம் இல்லாவிட்டால் அதே அரிப்பு வெறும் சூழல் சேதம். அனுப்பும் படிவத்தோடு காகிதத்தையும் வைக்க வேண்டும். பெட்டியில் அடைத்த பிறகு கதை சொல்லிப் பயனில்லை.

மூன்றாவது கேள்வி: இந்தக் குறை தீரக்கூடியதா? மென்மையான பி.வி.சி. உறையில் பல வருடம் கிடந்த காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும். பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்த்த பொருள் கசிந்து, குளோரினோடு சேர்ந்து உலோகத்தைத் தின்னும் வேலை அது. அது இருக்கும்வரை பெரிய நிறுவனங்கள் பெட்டியில் அடைக்க மாட்டா. நல்ல செய்தி என்னவென்றால், வெள்ளியிலும் தங்கத்திலும் ஆரம்ப நிலையில் இருந்தால் அது போய்விடும். அசிட்டோன் உலோகத்தைத் தொடாது, பிசுக்கை மட்டும் கரைக்கும். நகப்பூச்சு நீக்கியில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது வேண்டாம். சுத்தமான அசிட்டோன், கண்ணாடிக் கிண்ணம், திறந்த ஜன்னல், அருகில் நெருப்பு கூடாது, துணியால் துடைக்கவே கூடாது. இதற்கு மேற்பட்ட வைத்தியத்தை நான் கையால் தொடுவதில்லை. என்.ஜி.சி.யின் உடன்பிறப்பான என்.சி.எஸ். 2001-இலிருந்து பாதுகாப்புச் சிகிச்சையைத் தொழிலாகச் செய்கிறது. பி.சி.ஜி.எஸ்.சும் ரெஸ்டொரேஷன் என்ற பெயரில் அதைச் செய்கிறது. ஒட்டிக்கொண்ட பசை, பிசுக்கு, மெழுகு, மேலோட்டமான கறை இவற்றை அவர்கள் எடுப்பார்கள். கீறலை எடுக்க யாராலும் முடியாது. உலோகம் போன இடத்தில் உலோகம் திரும்ப வராது. ஆகவே பச்சை ஏறிய, ஆனால் யாரும் தேய்க்காத காசு வந்தால், சிகிச்சையும் சான்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்துக்கு அனுப்புவேன். தேய்த்த காசுக்குச் சிகிச்சைக் கட்டணம் வீண்.

நான்காவது கேள்வி யார் வாங்கப்போகிறார்கள் என்பது. காசு மாலையிலிருந்து கழற்றிய சவரன்கள்தான் இதற்கு நல்ல பாடம். பன்னிரண்டு மணி இடத்தில் வளையம் பற்றவைத்திருப்பார்கள்; கழற்றிய பிறகு ஆசாரி அரத்தால் ராவிச் சமப்படுத்தியிருப்பார். சான்று நிறுவனம் அதை விளிம்பு ராவியது, வளையம் நீக்கியது, நகையில் இருந்தது என்று ஏதாவது ஒரு பெயரில் டீட்டெயில்ஸ் ஆக்கிவிடும். சாதாரண ஆண்டுச் சவரனுக்கு அதனால் ஒரு நயா பைசா லாபம் கிடையாது. அதன் விலை 22 காரட்டில் 7.98 கிராம் தங்கத்தின் விலை. அடர்த்தி 17.6-ஐ ஒட்டி வந்தால் தங்கக்கடையே வாங்கிக்கொள்ளும். அதே மாலையில் 1917 தேதியிட்டு, நாணயச்சாலையைக் குறிக்கும் எழுத்து எதுவும் இல்லாத லண்டன் சவரன் ஒன்று இருந்தால் கதையே வேறு. லண்டனில் அந்த ஆண்டு அடித்தவற்றில் பிழைத்தவை குறைவு, போலிகள் அதிகம். வளையத் தழும்போடு இருந்தாலும் அசல் என்ற சொல் அதற்கு வேண்டும். அந்த ஒன்றை மட்டும் எடுத்து அனுப்புங்கள், மற்றவற்றைத் தங்கமாக வைத்திருங்கள் என்பேன். "எல்லாத்துக்கும் பெட்டி போட்டா செட்டா அழகா இருக்குமேண்ணே" என்று கேட்பவர்களுக்கு, அந்தக் கட்டணத்தில் இன்னொரு காசே வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் போதும்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்களுக்கு இந்த நான்கு கேள்விக்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. இந்தியத் தொல்பொருள் சட்டம் 1972, நூறு ஆண்டு கடந்த நாணயத்தைத் தொல்பொருள் என்கிறது. மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. தரம் பார்த்துவிட்டுத் திரும்பத்தானே வரப்போகிறது என்ற வாதம் சுங்கத்தில் எடுபடாது. இந்த எல்லை ஆண்டுக்கு ஓர் ஆண்டு நகர்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்களில் 1911 முதல் 1922 வரை அடித்தவை அனைத்தும் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டன. ஆகவே சென்னையிலோ கோவையிலோ இருக்கும் விக்டோரியா ரூபாய்க்கு எந்த அமெரிக்க நிறுவனம் நல்லது என்று என்னிடம் கேட்டால், நாட்டுக்குள்ளேயே சான்று பெறும் வழி எது, அதை நீங்கள் விற்கப்போகும் ஏலக்காரர் ஏற்பாரா என்று கேளுங்கள் என்பேன். பயணப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து இங்கே கொண்டுவந்து காட்டுபவர்களிடம் நான் வாங்குவதும் இல்லை, அவர்கள் சார்பில் அனுப்புவதும் இல்லை.

அனுப்புவதென்று முடிவானால் படிவம் நிரப்புவதிலும் சில வழக்கங்கள் உண்டு. காசின் இரு பக்கத்தையும் விளிம்பையும் சாய்ந்த ஒளியில் படமெடுத்து வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுவேன். எனக்குத் தெரிந்த குறைகளை ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்வேன். திரும்பி வந்த பிறகு "உங்ககிட்ட கொடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்ற பேச்சுக்கு அதுதான் பதில். டீட்டெயில்ஸ் வந்தாலும் கட்டணம் முழுதாகப் போகும் என்பதை முன்பே சொல்லிவிடுவேன். காப்பீட்டு மதிப்பைக் கழுவிய காசின் விலைக்குத்தான் எழுதுவேன். நல்ல காசின் விலையை எழுதினால் கட்டண வகுப்பு ஏறும், காசு ஏறாது.

இந்தத் தொழிலில் ஒரு சூதாட்டமும் உண்டு. டீட்டெயில்ஸ் பெட்டியை உடைத்துக் காசை வெளியே எடுத்து, வேறு நிறுவனத்துக்கோ அதே நிறுவனத்துக்கோ மறுபடி அனுப்புவது. சான்றாளர்களும் மனிதர்கள், எல்லையோரத்துக் காசு ஒருநாள் தோற்கும், இன்னொரு நாள் எண் வாங்கும். அப்படி மாறி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். லேசாக ஒருமுறை முக்கியெடுத்த காசுக்கு இது நடக்கக்கூடும். விபூதி பட்டதற்கு நடக்காது. மூன்று தடவை கட்டணம் கட்டிப் பெற்ற எண்ணையும் லூப்பில் பார்க்கத் தெரிந்த சேகரிப்பாளர் மதிக்க மாட்டார்; சீட்டை விட்டுவிட்டுக் காசைப் பார்த்து விலை சொல்வார். உடைக்கும்போது காசில் புதுக் கீறல் விழுந்தால் முதலுக்கே மோசம்.

என்னிடம் வேலை பழகும் பையன் ஒருமுறை கேட்டான்: "மாமா, கடைசியில எந்தக் கம்பெனிதான் பெஸ்ட்?" நிறுவனத்தின் பெயரைச் சொல்வதற்கு முன் வாங்கப்போகிறவரை எனக்குச் சொல் என்றேன். ஹாங்காங் ஏலத்தில் சாப் டாலர் தேடுபவரா, அமெரிக்காவில் சென்ட் சேர்ப்பவரா, தங்கக்கடைக்காரரா, பேரனுக்குக் கொடுத்து வைக்க நினைக்கும் பாட்டியா? முதலிருவருக்கு வெவ்வேறு பெட்டி. பின்னிருவருக்குப் பெட்டியே தேவையில்லை. குறைக் காசு விஷயத்தில் வாங்குபவர் யாரென்று தெரியாமல் கட்டும் கட்டணம் நிறுவனத்துக்கு மட்டுமே லாபம். அது தெரியும்வரை காசை அமிலமில்லாத காகித உறையில் போட்டு, மேலே 'துடைக்காதே' என்று கொட்டை எழுத்தில் எழுதித் திருப்பிக் கொடு என்றேன். இப்போது அந்த உறைகளில் எழுதுவது அவன் வேலை.